பழைய டிராக்டருக்கு வீட்டிலேயே பனி தள்ளும் பிளேடு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது. வாசலிலிருந்து சாலை வரை முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடக்கிறது. மூலையில் பழைய இரும்பு இருக்கிறது, கொஞ்சம் வெல்டிங்கும் தெரியும். இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இதுவரை மூன்று பிளேடுகள் செய்திருக்கிறேன். முதல் இரண்டில் கற்றதுதான் மூன்றாவதில் வேலை செய்கிறது. பனியைத் தள்ளும் தட்டைச் செய்வது இரண்டு நாள் வேலை. அந்தத் தட்டு வாங்கும் இடி டிராக்டரின் எந்தப் பாகத்தில் போய்ச் சேர்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி, கீழே பல பதில்கள் அங்கேதான் வந்து நிற்கும்.

பிளேடை முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா?

இதுதான் முதல் முறை என்றால், டிராக்டரில் த்ரீ பாயின்ட் லிங்கேஜும் இருந்தால், பின்னால் மாட்டுவது சுலபம். ஹாரி பெர்குசன் உருவாக்கிய இந்த அமைப்பு 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரிலேயே இருந்தது. இரண்டு கீழ்க் கைகள், மேலே ஒரு டாப் லிங்க். மூன்று பின் (துளையில் செருகும் இரும்பு ஊசி) போட்டால் பிளேடு மாட்டியாகிவிட்டது. தூக்குவதற்கும் இறக்குவதற்கும் தனி ஏற்பாடு தேவையில்லை.

குறை என்னவென்றால், பனியை முதலில் மிதிப்பது டயர். டயர் மிதித்த இரண்டு தடங்களும் அழுந்திக் கட்டியாகிவிடும், பின்னால் வரும் பிளேடு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். மறுநாள் அந்த இரண்டு கோடுகள்தான் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். கழுத்தைத் திருப்பியே ஓட்ட வேண்டியிருப்பதும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சிலர் பிளேடைத் திருப்பி மாட்டி ரிவர்ஸில் தள்ளுகிறார்கள். செய்யலாம், ஆனால் கீழ்க் கைகள் இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. ரிவர்ஸில் ஒரு கல்லில் முட்டினால் அவை வளையும். பொலபொலப்பான பனிக்கு மட்டும், மெதுவாக என்றால் சரி.

முன் பிளேடு என்றால் வேலை கண் முன்னால் நடக்கும், தரை சுத்தமாகும், குவியலை ஓரத்தில் நன்றாக ஒதுக்கித் தள்ளலாம். ஆனால் பிளேடைத் தாங்கும் இரும்புச் சட்டம் செய்யும் வேலை மூன்று மடங்கு. இனி வரும் பதில்கள் பெரும்பாலும் முன் பிளேடைப் பற்றியவை.

எவ்வளவு பெரிய டிராக்டர் வேண்டும்?

20 முதல் 30 குதிரைத்திறன், ஒன்று முதல் ஒன்றரை டன் எடை இருந்தால் வீட்டுப் பாதைக்குத் தாராளம். எஞ்சின் திறனைவிட எடையும் டயர் பிடிப்பும்தான் பனியில் பேசும். வாங்கிய புதிதில் எத்தனை குதிரைத்திறன் இருந்தது என்று தேடுவதைவிட, பிரேக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறதா, ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு, கிளட்ச் சுத்தமாக விடுகிறதா என்று பாருங்கள்.

சட்டத்தை டிராக்டரில் எங்கே பொருத்துவது? முன்னால் போல்ட் துளைகள் நிறைய இருக்கின்றனவே?

இருக்கின்றன. என் முதல் பிளேடை அங்கேதான் மாட்டினேன். ரேடியேட்டருக்குக் கீழே இருந்த வார்ப்பிரும்புப் பகுதியில் நான்கு போல்ட், அதிலிருந்து குட்டையான ஒரு சட்டம். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. மூன்றாம் நாள் பனிக்கடியில் இருந்த ஒரு கல்லில் முட்டியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ‘டொக்’ என்று ஒன்று, அவ்வளவுதான். மறுநாள் காலை அந்த வார்ப்பின் பக்கத்தில் தலைமுடி கனத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. விரலால் துடைத்தேன், சிறிது நேரத்தில் திரும்பவும் வந்தது. விரிசல் வழியாக எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். 1917-இல் வந்த ஃபோர்ட்சனில் தொடங்கி, ஃபோர்டு 8என், பெர்குசன் டிஇ20 என்று பல பழைய டிராக்டர்களில் தனியாகச் சேசிஸ் கிடையாது. எஞ்சின் பிளாக், கியர்பாக்ஸ், பின் அச்சுக் கூடு மூன்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அதுவே முதுகெலும்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் வளைவையும் இடியையும் தாங்காது. வளையாமல் நேரடியாக வெடிக்கும். போதாததற்கு, முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி இருக்கிறது. அது வண்டியின் முன்பாரத்தைச் சுமக்க வந்தது. அந்தப் பக்கம் எதையும் தள்ளுவதற்காகக் கட்டப்படவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடை, மணிக்கு 10 கி.மீ. வேகம். அதில் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 5,000 ஜூல். பிளேடு அசையாத ஒன்றில் முட்டி 5 செ.மீ. தூரத்தில் நின்றால், சராசரியாக 10 டன் விசை சட்டத்தில் இறங்குகிறது. அதே வண்டி 5 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டரை டன். வேகம் பாதியானால் இடி கால்பங்காகிறது.

ஆகவே தள்ளும் விசையைப் பின் அச்சுக்கே கொண்டுபோக வேண்டும். உழும்போது இழுவையைத் தாங்கியதும் அந்த இடம்தான். டிராக்டரின் வயிற்றுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளத் தண்டுகள். பின் முனையைப் பின் அச்சுக் கூட்டிலோ டிராபார் (பின்னால் வண்டிகளை இழுக்கும் கம்பி) பொருத்தும் தாங்கியிலோ 25 மி.மீ. பின் போட்டு இணையுங்கள். முன் முனையில் பிளேடு. 75 மி.மீ. சதுரக் குழாய், 5 மி.மீ. கனம் போதும். நீளமான தண்டை முனையில் அழுத்தினால் நடுவில் பிதுங்கும் என்பதால், இரண்டு தண்டுகளையும் குறைந்தது இரண்டு இடத்தில் குறுக்குத் தண்டால் கட்டி, ஒரு மூலைவிட்டமும் வையுங்கள். பின் இணைப்பு தாழ்வாக இருக்கட்டும். தண்டுகள் பின்னால் உயர்ந்து முன்னால் செங்குத்தாகச் சரிந்தால், தள்ளும்போது பிளேடு தரையைக் குத்தும், பின் சக்கரத்தின் பாரம் குறையும்.

முன்பக்கம் தேவைப்படுவது ஒரு வழிகாட்டி மட்டும்: தண்டுகள் மேலும் கீழும் போகலாம், பக்கவாட்டில் விலகக் கூடாது. இரண்டு நிமிர்ந்த ஆங்கிள்களுக்கு நடுவே சட்டம் ஏறி இறங்கினால் போதும்.

டிராக்டரின் எந்த வார்ப்பிலும் வெல்டிங் வைக்காதீர்கள். எல்லாம் போல்ட், எல்லாம் கழற்றக்கூடியது.

சட்டம் முன் அச்சில் இடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பார்த்தால் போதாது, ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் 20 செ.மீ. தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து, ஸ்டியரிங்கை இடமிருந்து வலம் முழுவதும் திருப்புங்கள். அடுத்து மறுபக்கம். அச்சு, ஸ்டியரிங் ராடு, டயர் எதுவும் சட்டத்தில் உரசக் கூடாது. எஞ்சின் ஆயிலை வடிக்கும் திருகுக்கு ஸ்பானர் நுழைகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பலருக்கு இது சட்டத்தைப் பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

அகலமும் உயரமும் எவ்வளவு?

பிளேடைச் சாய்த்துத் திருப்பிய நிலையிலும் அது டயர்களின் வெளி விளிம்பைத் தாண்டி நிற்க வேண்டும். 2 மீட்டர் பிளேடை 30 டிகிரி திருப்பினால் அது கூட்டும் அகலம் 1.73 மீட்டர்தான். டயர்களின் வெளியகலம் 1.6 மீட்டர் என்றால் இது சரி. 1.8 மீட்டர் பிளேடு என்றால் 1.56-க்குக் குறைந்துவிடும், டயர் பனியில் ஏறும். உயரம் அரை மீட்டர் இருந்தால் பழைய டிராக்டருக்குப் போதும்.

இதைவிடப் பெரிதாக ஆசைப்பட வேண்டாம். புதிதாக விழுந்த உலர் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும், ஈரப்பனி 300 கிலோவைத் தாண்டும். 15 செ.மீ. ஆழப் பனியில் 2 மீட்டர் பிளேடு நேராகப் பத்து மீட்டர் போனால் முன்னால் மூன்று கன மீட்டர் சேரும். உலர் பனி என்றால் 300 கிலோ, ஈரப்பனி என்றால் 900 கிலோ. சாய்த்துத் தள்ளினால் அது ஓரமாக உருண்டு போய்க்கொண்டே இருக்கும், முன்னால் சேராது.

தட்டுக்கு எந்த இரும்பு? பழைய கேஸ் டாங்கைப் பிளந்து செய்யலாமா?

எரிபொருளோ கேஸோ இருந்த எந்தக் கலத்தையும் வெட்ட வேண்டாம். காலி என்று நினைப்பதில்தான் ஆபத்து. திரவம் தீர்ந்த பிறகும் ஆவி உள்ளே இருக்கும், துருவுக்கும் படிவுக்கும் அடியில் ஒளிந்திருக்கும், கட்டரின் சூட்டில் வெளியே வரும். தண்ணீர் நிரப்பி வெட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களை நானும் சந்தித்திருக்கிறேன். அதை நம்பி இறங்கும் அளவுக்கு இந்தத் தட்டில் ஒன்றுமில்லை.

தண்ணீர்க் குழாய் கிடைத்தால் அதுதான் சிறந்தது. 600 மி.மீ. விட்டம், 6 மி.மீ. கனமுள்ள குழாயை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் ஒரு துண்டு போதும். 2 மீட்டர் நீளத்துக்கு அந்தத் தட்டு 44 கிலோ வரும். பாதியாகப் பிளந்து அப்படியே வைப்பது வேண்டாம், வளைவு மிகையாகிப் பனி உள்ளேயே சுருண்டு தங்கிவிடும்.

குழாயை ஒரே மூச்சில் கோடு இழுத்து வெட்டினால் உள்ளிருக்கும் இறுக்கம் விடுபட்டு வாழைப்பழம் போல வளையும். 30 செ.மீ. வெட்டி 2 செ.மீ. விட்டு, மறுபடி 30 செ.மீ. வெட்டுங்கள். எல்லாக் கோடுகளையும் இப்படி முடித்து, முழுதும் ஆறிய பிறகு விட்ட இடங்களை மாற்றி மாற்றி வெட்டுங்கள்.

துத்தநாகம் பூசிய குழாய் என்றால் வெல்டு வரும் இடங்களில் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

வளைந்த குழாய் கிடைக்காவிட்டால் தட்டையான 5 மி.மீ. தகடையே மூன்று நான்கு இடத்தில் லேசாக மடித்துச் செய்யலாம். பனி கொஞ்சம் குறைவாக உருளும், அவ்வளவுதான்.

எந்தச் சாய்வில் நிறுத்துவது?

பக்கத்திலிருந்து பார்க்கும்போது அடி விளிம்பு முன்னால் நீண்டு, தரையோடு 65 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். நேர்செங்குத்தாக நின்றால் கட்டிப்பனியின்மேல் ஏறி வழுக்கும். 45 டிகிரிக்குப் படுத்தால் உளி மாதிரி தரையைத் தோண்டும். கால்பங்குக் குழாயை இப்படி நிறுத்தும்போது மேல் விளிம்பு தானாகவே முன்னால் கவிழ்ந்து வரும். அது நல்லது. பனி தாண்டி வந்து ரேடியேட்டரில் விழாது.

அட்டையில் 65 டிகிரி முக்கோணம் ஒன்றை வெட்டிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு விலா எலும்பையும் டேக் (பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) வைக்கும்போது அதை ஒட்டிப் பாருங்கள்.

விலா எலும்பு என்றால்?

தட்டின் முதுகில் வளைவுக்கேற்ப வெட்டி நிறுத்தும் 10 மி.மீ. துண்டுகள். 2 மீட்டருக்கு ஐந்து போதும். கீழே 75 மி.மீ. ஆங்கிள் ஒன்று முழு நீளத்துக்கு, மேல் விளிம்பில் ஒரு குழாய். வெல்டிங்கை ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை தொடர்ந்து இழுத்தால் பிளேடு நடுவில் வளைந்துவிடும். 5 செ.மீ. இங்கே, 5 செ.மீ. மறுமுனையில், பிறகு நடுவில் என்று தாவித் தாவி வையுங்கள். இடியை வாங்கும் இணைப்புகளுக்கு 7018 எண் வெல்டிங் ராடு, ஈரமில்லாமல் உலர்ந்ததாக. 6013 அழகாக ஓடும், ஆனால் கீல் காதுகளுக்கும் தள்ளுதண்டின் முனைகளுக்கும் அதை நம்ப எனக்கு மனம் வராது.

பிளேடு டிராக்டரில் மாட்டியிருக்கும்போது வெல்டு செய்யாதீர்கள். தவிர்க்கவே முடியாது என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

கல்லிலோ வேரிலோ இடித்தால் என்ன ஆகும்?

இதற்கு ஏற்பாடு செய்யாமல் பிளேடை ஓட்டக் கூடாது. டிராக்டர் உடைவதற்கு முன்னால் வேறு ஏதாவது ஒன்று இடம் கொடுக்க வேண்டும்.

நல்ல வழி மடங்கும் பிளேடு. அடி விளிம்பிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் பிளேடைச் சட்டத்தோடு கீல் போட்டு இணைக்கிறோம். அந்தக் கீலுக்கு மேலே 30 செ.மீ. உயரத்தில் இரண்டு இழுவிசை ஸ்பிரிங்குகள் பிளேடின் மேற்பகுதியைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும். பிளேடு பின்னால் ஒரு ரப்பர் தடையில் சாய்ந்து நிற்கும். அடி விளிம்பு கல்லில் முட்டியதும் கீழ்ப்பகுதி பின்னால் போகும், மேற்பகுதி முன்னால் கவிழும், பிளேடு கல்லைத் தாண்டி மறுபடி நிமிரும். கீலுக்கு மேலே விழும் பனியின் பாரம் பிளேடைத் தடையோடுதான் அழுத்துகிறது, ஆகவே பனி நிறைந்ததால் அது கவிழாது.

எவ்வளவு இழுப்பு? அடி விளிம்பில் 500 கிலோ விசை வந்தால் மடங்கட்டும் என்று வைப்போம். கீலுக்குக் கீழே 15, மேலே 30 என்பதால் ஸ்பிரிங்குகள் சேர்ந்து 250 கிலோ பிடித்தால் போதும், ஆளுக்கு 125. ஸ்பிரிங்கின் ஒரு முனையில் நீளத் திருகுள்ள கண்-போல்ட் வைத்தால் வேண்டிய அளவுக்கு முறுக்கிக்கொள்ளலாம். கட்டிப்பனியில் அடிக்கடி மடங்கினால் இரண்டு சுற்று கூட்டுங்கள். இடித்த பிறகும் மடங்கவில்லை என்றால் குறைத்தே ஆக வேண்டும். மேலே சொன்ன 10 கி.மீ. இடியையே எடுத்துக்கொண்டால், 5 செ.மீ. தூரத்தில் நிற்பதற்குப் பதில் 30 செ.மீ. தூரத்தில் அந்த ஆற்றல் கரையும்போது 10 டன் என்பது 1.7 டன்னாகிவிடுகிறது.

ஸ்பிரிங் கிடைக்கவில்லை என்றால் அறுபடும் போல்ட். மேற்பகுதியை ஒரே ஒரு 6 மி.மீ. போல்ட்டால் பிடியுங்கள், 4.6 தரம். ஏறக்குறைய 700 கிலோவில் அது அறுந்துவிடும். பையில் பத்து போல்ட் வைத்திருங்கள். பத்தும் தீர்ந்துபோன ஒரு குளிர் இரவில் கையில் கிடைத்த, எளிதில் அறுபடாத 10.9 தர போல்ட்டைப் போட்டு வேலையை முடிக்கத் தோன்றும். அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

பிளேடைச் சாய்த்துத் திருப்ப என்ன ஏற்பாடு?

சட்டத்தின் முன் முனையில் நடு பின், 30 மி.மீ. அதன் பின்னால் அரைவட்டத் தகடு, அதில் நேர்நிலைக்கு ஒரு துளையும் இரண்டு பக்கமும் 15, 30 டிகிரிக்குத் துளைகளும். இறங்கிப் பூட்டு பின்னை மாற்றிப் போட வேண்டும். ஹைட்ராலிக் வைத்துத் திருப்பலாம்தான், வீட்டுப் பாதைக்கு அது தேவைப்பட்டதே இல்லை. துளைகளைப் பின்னைவிட 2 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். உறைந்த இரவில் இறுக்கமான பின் வெளியே வராது.

தூக்குவது எப்படி? என் டிராக்டரில் முன்னால் ஹைட்ராலிக் இல்லை.

பெரும்பாலான பழைய டிராக்டர்களில் கிடையாது. மூன்று வழிகள் உண்டு.

கை நெம்புகோல் எளியது. சட்டத்தோடு சேர்த்து முன்னால் 120 கிலோ தூக்க வேண்டும் என்று வையுங்கள். ஒன்றரை மீட்டர் நெம்புகோலில் தூக்கும் பக்கம் 20 செ.மீ. என்றால் கையில் 16 கிலோ வரும். பத்து முறை தூக்கலாம், நூறு முறை முடியாது.

இரண்டாவது, பின்னால் இருக்கும் லிப்ட் கைகளையே பயன்படுத்துவது. அவற்றிலிருந்து ஒரு சங்கிலியையோ ராடையோ வயிற்றுக்கு அடியில் முன்னால் கொண்டுவந்து, முன்னால் முழங்கை போல வளைந்த ஒரு நெம்புகோல் வைத்தால், பின் கை உயரும்போது முன் பிளேடும் உயரும். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் ஃபோர்டு 9என், 2என், 8என், பெர்குசன் டிஇ20 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இவற்றில் ஹைட்ராலிக் பம்ப், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டிலிருந்து ஓடுகிறது. பி.டி.ஓ. லீவர் போட்டிருக்க வேண்டும், கிளட்ச்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். குவியலில் முட்டி நின்ற பிறகு கிளட்ச்சை மிதித்துக்கொண்டு தூக்கப் பார்த்தால் பிளேடு அசையாது. முட்டுவதற்குச் சற்று முன்னாலேயே, கிளட்ச்சை விட்ட நிலையில், தூக்கத் தொடங்கப் பழகுங்கள்.

மூன்றாவது மின் வின்ச். சுலபம், ஆனால் 8என் போன்ற பழைய வண்டிகள் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். 12 வோல்ட் வின்ச் வாங்குவதற்கு முன் வண்டியின் மின் அமைப்பைப் பாருங்கள்.

எந்த வழியானாலும் தூக்குவதற்குக் கடைசியில் சங்கிலியே இருக்கட்டும். பிளேடு தரையில் இறங்கியதும் சங்கிலி தொய்ய வேண்டும், அப்போதுதான் பிளேடு தரையின் ஏற்ற இறக்கத்தோடு தானே போகும். விறைப்பான ராடு போட்டால் மேட்டில் டிராக்டரின் மூக்கையே தூக்கிவிடும்.

அடி விளிம்புக்கு என்ன போடுவது?

தேய்வது அதுதான், ஆகவே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 150 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனப் பட்டை. துளைகளை நடுக்கோட்டில் போட்டால் ஒரு பக்கம் தேய்ந்ததும் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். சாலை சமன்படுத்தும் கிரேடரின் பழைய விளிம்பு கிடைத்தால் பல வருடம் வரும், ஆனால் அது கடினமான எஃகு. சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கும், வெல்டு வைத்தால் ஓரம் வெடிக்கும். அதிலிருக்கும் துளைகளுக்கேற்ப உங்கள் ஆங்கிளில் துளை போட்டு போல்ட்டில் மாட்டுங்கள். தலை பதிந்து உட்காரும் போல்ட்தான் வேண்டும். வெளியே நீட்டிய தலை சீக்கிரம் தேய்ந்து, பிறகு ஸ்பானருக்குப் பிடி கொடுக்காது.

என் பாதை சரளை. கல்லெல்லாம் புல்வெளியில் போய் விழுகிறது.

பிளேடின் இரண்டு முனையிலும் தட்டையான பாதங்கள் வைத்து, விளிம்பைத் தரையிலிருந்து 2 செ.மீ. உயர்த்துங்கள். இன்னொரு நல்ல உபாயம்: 60 மி.மீ. குழாயை நீளவாக்கில் ஒரு பிளவு மட்டும் போட்டு, அடி விளிம்பில் செருகி, இரண்டு போல்ட்டில் பிடித்துவிடுங்கள். உருண்டையான அந்த அடி சரளையின்மேல் வழுக்கிப் போகும், தோண்டாது. கட்டாந்தரைக்கு வந்ததும் கழற்றிவிடலாம்.

பருவத்தின் முதல் பனியை முழுவதும் வழிக்காதீர்கள். 4, 5 செ.மீ. விட்டு, மிதித்து உறைய விடுங்கள். சரளை அதற்கடியில் பூட்டிக்கொள்ளும். நான் பாதத்தை வைப்பதைவிட இதைத்தான் முதலில் சொல்வேன்.

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை.

முன்னால் பிளேடு தொங்கும்போது பின் சக்கரத்தின் பாரம் குறைகிறது. பின்னால் எடை சேர்க்க வேண்டும். த்ரீ பாயின்டில் ஒரு கான்கிரீட் கட்டி, சக்கரத்தில் வார்ப்பு எடைகள், டயருக்குள் திரவம். திரவம் என்றால் வெறும் தண்ணீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் எடையும் கூட, உறையவும் உறையாது, ஆனால் டியூப் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு ஆகும், அதற்குமேல் வேண்டாம்.

அடுத்தது பின் டயருக்குச் சங்கிலி. இது வித்தியாசம் காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டாது. ஏணி போல நேர்க்குறுக்குப் படிகள் உள்ளது முன்னும் பின்னும் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டில் வழுக்கும். வைர வடிவப் பின்னல் உள்ளது இரண்டுக்கும் பிடிக்கும். மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்குங்கள். முதல் இறுக்கம் நிற்காது. சாய்த்த பிளேடு மூக்கைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனால் முன் டயருக்கும் சிறு சங்கிலி போடலாம்.

பனி தட்டில் ஒட்டிக்கொள்கிறது.

பிளேடைக் கதகதப்பான கொட்டகையிலிருந்து நேரே பனிக்குக் கொண்டுபோகாதீர்கள். சூடான இரும்பில் பட்ட பனி உருகி, உடனே உறைந்து பசையாகிவிடும். அரை மணி நேரம் வெளியே ஆறட்டும். துருவைத் தேய்த்து எடுத்து, வழவழப்பான பளபளக்கும் பெயிண்ட் அடித்து, அதன்மேல் மெழுகு தேயுங்கள். ஈரப்பனி அதிகமுள்ள இடமென்றால் கனமான பாலிஎத்திலீன் தகடை முகத்தில் போல்ட் போட்டு மாட்டலாம்.

தள்ளுவதற்கு முறை ஏதும் உண்டா?

தரை உறைவதற்கு முன்பே பாதையின் இரு ஓரத்திலும் உயரமான குச்சிகள் நட்டுவிடுங்கள். கல், குழி, குழாய் மூடி எங்கே என்று ஒரு முறை நடந்து பாருங்கள். முதல் பனியிலேயே குவியலை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஒதுக்குங்கள். அது உறைந்தால் அந்தப் பருவம் முழுக்க நகராது, பாதை வாரத்துக்கு வாரம் குறுகிக்கொண்டே வரும். 30 செ.மீ. விழும் என்றால் விழுந்து முடியும் வரை காத்திருக்காமல் 15-இல் ஒரு முறையும், பிறகு ஒரு முறையும் தள்ளுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் குவிக்காதீர்கள், அந்தக் குவியலே மேலும் பனியைப் பாதைக்கு இழுத்து வரும். வேகம், நடப்பவர் கூட வரும் அளவு.

ஆபத்துகள்?

பழைய டிராக்டர்களில் கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூடு இருக்காது. பனி மூடிய ஓரத்தில் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு பின் சக்கரம் இறங்கினால் போதும், வண்டி சாய்ந்துவிடும். சரிவில் குறுக்காகத் தள்ளாதீர்கள், மேலிருந்து கீழ் நேராகத் தள்ளுங்கள். கம்பிக்கூடும் இருக்கைப் பட்டையும் பொருத்த முடிந்தால் பிளேடுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

தூக்கிய பிளேடுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. கோணம் மாற்றவும், அறுந்த போல்ட்டை மாற்றவும் பிளேடைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள். அவசரத்தில் இரண்டு தண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு பின்னைத் தட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பிளேடு ஸ்பிரிங்கோடு இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பம்புக்காக பி.டி.ஓ. போட்டு ஓட்டும் வண்டிகளில் பின்னால் அந்தத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதன்மேல் மூடியில்லாமல் ஓட்டாதீர்கள், தொங்கும் சால்வையோடு பக்கத்தில் போகாதீர்கள். குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்குள் எஞ்சினைச் சூடாக்குவதும் வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

பருவம் முடிந்ததும் என்ன செய்வது?

ஸ்பிரிங்குகளைத் தளர்த்துங்கள். பின்களைக் கழற்றி கிரீஸ் தடவி, ஒரு டப்பாவில் போட்டு அந்த டப்பாவைப் பிளேடிலேயே கட்டிவையுங்கள். தள்ளுதண்டின் வெல்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பின் அச்சில் மாட்டிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பானர் வைத்துப் பார்த்து, அந்தக் கூட்டைத் துணியால் துடைத்துவிட்டு மறுநாள் திரும்ப வந்து பாருங்கள். கறுப்பாகக் கோடு எதுவும் இல்லையென்றால் சட்டம் சரியாக இருக்கிறது.